நாற்பத்தேழு மீட்டர் நீல ஒயர்

அத்தியாயம் 19

"நாப்பத்தேழு மீட்டரு," என்றான் கோபால், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "ஒயர்னா அம்பது வாங்கணும்கா. ரெண்டு பக்கமும் கொஞ்சம் தொங்க வுடணும் இல்ல."

வல்லி தலையாட்டினாள். அந்தத் தூரம் அவளுக்குத் தெரியாததல்ல. மீட்டர் கணக்கில்தான் தெரியாது.

ஊர்த்தெருவின் கடைசி வீடு அவளுடைய அப்பா முத்துவேலுடையது. அதன் கொல்லைச் சுவரை ஒட்டி ஏரிக்கால்வாய். கால்வாயைத் தாண்டினால் ஒரு வண்டிப்பாதை. பாதையையும் தாண்டினால் காலனியின் முதல் வீடு. அது டேனியலின் வீடு. மூன்று வருடமாக வல்லியின் வீடும் அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் உத்திரமேரூர் பதிவு அலுவலகத்தில் அவள் டேனியலுக்கு மாலை போட்ட அன்று சாயங்காலம், பங்காளிகள் நின்று பார்க்க, முத்துவேல் கிணற்றடியில் தலை முழுகினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பிள்ளை, சிங்கப்பூரில் இருக்கும் சந்தோஷ்.

இந்த மாசியில் வல்லிக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை இறந்து பிறந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு அந்த வண்டிப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். டேனியல் சின்னப் பெட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான். அப்பா வீட்டின் பின்ஜன்னல் சாத்தியிருந்தது. அதையெல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது. திரும்பவும் விவரிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு வல்லி அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். மாமியார் அம்முலு தலை வாரிவிட்டால் வாரிவிடும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சித்திரையில் இன்னொன்றும் நடந்தது. காஞ்சிபுரத்தில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தருகிற அலுவலகம். நல்ல இன்டர்நெட் இணைப்பு இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம், மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னைத் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு கம்ப்யூட்டரும் வேனில் வந்தது.

பக்கம் கட்டுகிறபோது மட்டும் வல்லிக்கு வேறு எதுவும் நினைவில் வராது. இந்த வரி இங்கே முடிய வேண்டும், அந்தப் படம் அங்கே உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை போய்விட்டால் நாள் முழுவதையும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவள் டேனியலிடம் சொன்னாள். இரண்டு மாதத்தில் அவள் தானாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

காலனிக்குப் போன் கேபிளில் இடமில்லை என்றார்கள். எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. செல்போன் டவர் சாலவாக்கத்தில் இருக்கிறது. பேசுவதற்கே மேட்டில் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் அப்பா வீட்டில் போனும் உண்டு, பிராட்பேண்டும் உண்டு. மகன் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காகச் சந்தோஷ் போட்டுக் கொடுத்தது. மாதத்துக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கும்.

போன வாரம் சந்தோஷ் அக்காவுக்குப் போன் செய்திருந்தான்.

"ஒயர்லெஸ் பொட்டி ஒண்ணு வாங்கச் சொல்லி கோபால்கிட்ட சொல்லிட்டேன்கா. நைனாகிட்ட நான் பேசிக்கிறேன். ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

முத்துவேல் என்ன பதில் சொன்னார் என்பதைக் கோபால்தான் இன்று காலை வந்து சொன்னான். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"'ஒயரு கியரு எதுவும் எங்கொல்லயத் தாண்டக் கூடாது. ஒயர் இல்லாம போறதுன்னா போவட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாது.' இதான்கா அவர் சொன்னது."

"சரி," என்றாள் வல்லி.

*

கோபால் உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். இரண்டு வீட்டுக்கும் பொதுவானவன். தொழிலில் ஒளிவுமறைவு கிடையாது.

"அவரு ஒயர் வேணாம்னாலும் நான் நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிடறேன். முடிவு உங்களுது," என்று வாசலில் குந்திக்கொண்டான். "ஒயர்னா நிக்காம வரும். மழயோ காத்தோ ஒண்ணும் பண்ணாது. ரெண்டு சவுக்குக் கம்பம் நடணும். வைக்கோல் வண்டி போவுற பாத, அதனால ஒசரமா கட்டணும். ஆனா தெருவுல போறவன் வர்றவன் எல்லாரும் பாப்பான்."

"இன்னொண்ணு?" என்று கேட்டான் டேனியல். இரண்டாம் ஷிப்டுக்கு ஒரகடம் போக வேண்டியவன். சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை மாட்டாமல் நின்றிருந்தான்.

"இன்னொண்ணு ஒயர்லெஸ். பொட்டிய அவங்க பின்ஜன்னல்ல வெச்சிட்டா போதும். இங்க கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன அட்ட சொருவுவேன். யாருக்கும் தெரியாது. ஆனா தூரம் சாஸ்தி. நடுவுல சுவரு, வாழ மரம், ஆளு, மாடு. அப்பப்ப வுட்டு வுட்டு வரும்."

அம்முலு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணுக்கே தெரியாம எப்பிட்றா வரும்?"

"ரேடியோ வரலயா யம்மா?"

"ரேடியோ பாடுது. இது இன்னா பண்ணும்?"

"இது கட்னவ மாதிரி. கிட்டயே இருந்தா பேசும். கொஞ்சம் தள்ளிப் போனா மூஞ்சத் திருப்பிக்கும்."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்றேன் இரு," என்றாள் அம்முலு. டேனியல் சிரித்தான். சிரித்துவிட்டு வல்லியைப் பார்த்தான். அவள் டேப் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒயர்லெஸ்ஸே போடு," என்றான் டேனியல். "இன்னா வல்லி? வேலதான முக்கியம். எவன் பாத்தா இன்னா, பாக்காங்காட்டி இன்னா."

"உன் இஷ்டம் டேனி."

"என் இஷ்டம் கேக்கல. உனுக்கு எது?"

வல்லி யோசித்தாள். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக யோசித்தாள். 

"எதுனாலும் சரி," என்றாள்.

அம்முலுவுக்கு ஒயர் வேண்டாம் என்பதில் சந்தேகமே இல்லை. முத்துவேல் வகையறாவின் நிலத்தில் நடவுக்குப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவளைக் கூப்பிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆள் கிடைக்காமல் போனதால் திரும்பக் கூப்பிட்டார்கள். அது யாருக்கும் மறக்கவில்லை.

*

எட்டிலிருந்து பத்து வரை கரண்ட் கட். கரண்ட் வந்ததும் கோபால் அந்த வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மாட்டிவிட்டு, பின்ஜன்னல் கம்பி வழியாகக் கையை ஆட்டினான். வல்லியின் கம்ப்யூட்டரில் ஐந்து கோடுகளில் ஒன்று மட்டும் பச்சையானது. மேசையை வாசற்படிக்கு இழுத்தார்கள். மூன்று கோடு வந்தது.

"இங்கயே வெச்சிரு. அசைக்காத," என்றான் டேனியல்.

மேசை வாசற்படியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. அம்முலு தண்ணீர்க் குடத்தோடு பக்கவாட்டில் நுழைந்து வந்தாள். "இனிமே நான் ஜன்னல் வழியாதான் வரணும் போல," என்றாள்.

வல்லி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் நேராக அப்பா வீட்டின் பின்ஜன்னல். அதன் கம்பிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. பொட்டுப் பொட்டாகப் பச்சை வெளிச்சம். மூன்று வருடத்தில் அந்த ஜன்னல் பகலில் திறந்திருந்தது இன்றுதான்.

பதினோரு மணிக்குச் சோதனை. சென்னையில் மேற்பார்வை பார்க்கும் நிஷா, டேனியலின் செல்லில் கூப்பிட்டாள். டேனியல் செல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஸ்பீக்கரில் பேச்சு வந்தது.

"ஆனந்தவல்லி, ரெண்டு மணி நேரம் லைன் நிக்கணும். நடுவுல ஒருவாட்டி கட் ஆனா பரவால்ல. மூணு தடவ ஆச்சுன்னா சிஸ்டமே லாக் பண்ணிடும். அப்புறம் என் கைல ஒண்ணும் இல்ல. ஓகேவா?"

"சரிங்க."

முதல் பக்கம் போனது. இரண்டாவது பக்கம் போனது. வல்லியின் கை மௌஸை நகர்த்திக்கொண்டே இருந்தது. டேனியல் மூச்சு விடாமல் நின்றான். மூன்றாவது பக்கத்தில் ஒரு படத்தை ஏற்றினாள். பாதி ஏறியது.

கோடுகள் போயின. மூன்றும் ஒரே நேரத்தில்.

"இன்னா ஆச்சு?"

"போச்சு," என்றாள் வல்லி.

பின்ஜன்னலைப் பார்த்தாள். பெட்டி தெரியவில்லை. ஜன்னல் கதவு சாத்தியிருந்தது.

ஒரு நிமிடம் கழித்து ஒரு கோடு வந்தது. வந்து போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. மூன்று முறை ஆகிவிட்டது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது.

நிஷா திரும்பவும் கூப்பிட்டாள். "இன்னாங்க ஆனந்தவல்லி, இப்படி இருந்தா எப்படி? நான் மேல சொல்லி லாக் எடுத்து வெக்கறேன். திங்கட்கிழம காலைல பத்து மணிக்கு இன்னொரு சான்ஸ். அதுவும் ட்ராப் ஆனா உங்க பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க. சாரி."

"சரிங்க," என்றாள் வல்லி.

டேனியல் செல்லைக் கீழே இறக்கினான். கை வலித்திருக்கும். "வேணும்னே ஆஃப் பண்ணிட்டாரு," என்றான் மெதுவாக. "உங்க நைனா வேணும்னே பண்ணாரு வல்லி."

 பன்னிரண்டரைக்குக் கம்பெனி பஸ், சாலை பிரிகிற சாலவாக்கம் கூட்ரோட்டில் நிற்கும். அவன் போக மனமில்லாமல் போனான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையில் திரும்பும்போது அந்த ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னான். கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.

*

ஆண்டாளம்மாள் மூன்று வருடமாக மகளோடு பேசியதில்லை. மாட்டோடு பேசுவாள்.

இது அந்த இரண்டு பேருக்குள் தானாக உண்டான ஏற்பாடு. வல்லி கால்வாயில் துணி அலசுகிற நேரம் பார்த்து, தாய்க்காரி கொல்லையில் கட்டியிருக்கும் எருமைக்குத் தண்ணீர் காட்ட வருவாள். எருமையைப் பார்த்துப் பேசுவாள். யாராவது கேட்டால், மாட்டோடு பேசியதற்கு எந்தப் பஞ்சாயத்தும் தண்டம் போட முடியாது.

ஒரு மணிக்கு வல்லி துணிக்கூடையோடு போனாள். அலச இரண்டு துணிதான் இருந்தது.

"இன்னாடி பொட்டே, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற?" என்று ஆண்டாளம்மாள் எருமையைக் கேட்டாள். "அந்தாளு ஆஃப் பண்ணாருன்னு நெனச்சிக்கினியா? பண்ணலடி. சத்தியமா பண்ணல."

வல்லி துணியை நனைத்தாள்.

"பதினோரு மணி வாக்குல உங்க பெரியப்பா வந்துட்டாரு. பேரனுக்குக் காது குத்தறாங்களாம், பத்திரிக வைக்க வந்தாரு. அவுரு உள்ள நொழஞ்சதும் இந்தாளுக்கு ஒதறல். ஜன்னல்ல பொட்டி மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிக்கினு கீது. இது இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது? தூக்கினு போயி நெல்லு டிரம்முல வெச்சி மூடிட்டாரு."

வல்லியின் கை நின்றது.

"ஒயரெல்லாம் அப்பிடியேதான் கீது. கழட்டல. காலி டிரம்முதான். மூடிய மட்டும் வெச்சாரு. நான் கேட்டேன், இன்னாய்யா இதுன்னு. 'ஒயர் இல்லாம போறதுதான, எங்க இருந்தா இன்னா? போவும்'ன்னாரு. நெசமாவே அப்பிடித்தான் நெனச்சிக்கினு கீறாரு. நடுநடுவுல போயி மூடியத் தொறந்து பாக்கறாரு, எரியுதான்னு. எரியுதுடி. இப்பவும் எரிஞ்சிக்கினுதான் கீது."

எருமை தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது.

அலையை வெளியே விடாத தகர டிரம். மூடி. உள்ளே வெளிச்சம். வல்லி அதை ஒரு முறை மனதில் பார்த்தாள். ஊரே பார்க்கக் கூடாதென்று ஒயரை வேண்டாம் என்றார்கள். இப்போது பெட்டியையும் பார்க்கக் கூடாது என்றாகிவிட்டது. திங்கட்கிழமை வேறு யாராவது வருவார்கள். சீட்டுக்காரர், பால்காரர், தேர்தல் பட்டியல் சரிபார்க்க வருகிறவர். ஒவ்வொரு முறையும் அவளை எடுத்து டிரம்முக்குள் வைக்க வேண்டியிருக்கும்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. துணியைப் பிழிந்தாள். எழுந்தாள்.

"பெரியப்பா எப்ப போறாரு?" என்று கேட்டாள். எருமையைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஆண்டாளம்மாள் திடுக்கிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு எருமையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஆறரை பஸ்ஸுக்குத்தான் போவாரு. சாப்ட்டுட்டுத் தூங்கறாரு," என்றாள்.

*

மூன்று மணிக்குக் கோபால் ஐம்பது மீட்டர் நீல ஒயரோடும், பின்னால் கட்டிய இரண்டு சவுக்குக் கம்பத்தோடும் டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினான். வல்லி கூட்ரோடு வரை நடந்து போய்ப் போன் செய்து வரவழைத்திருந்தாள். அவ்வளவு தூரம் அவள் நடந்து இரண்டு மாதமாகிறது.

"அக்கா, அவரு வேணாம்னாரே," என்றான்.

"தெரியும்."

"எனுக்கு ரெண்டு வூடும் கஸ்டமரு. நாளைக்கு அவர் மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

"அவங்க வூட்டுக்குள்ள நீ போவ வேணாம். இந்தப் பக்கம் ஒரு கம்பம். கால்வா கரையில ஒண்ணு. அது பொறம்போக்கு. அங்கேர்ந்து மிச்ச ஒயர வளையமா சுத்தி, அவங்க கொல்லச் சுவத்து மேல மாட்டிட்டு வந்துடு. முனையில சொருவறது மட்டும் போட்டு வை."

"அவரு எடுத்து எறிஞ்சிட்டாருன்னா?"

"எறியட்டும்."

அதுவரை நெல் புடைத்துக்கொண்டிருந்த அம்முலு முறத்தைக் கீழே வைத்தாள். டிரம் விஷயத்தை வல்லி அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"யம்மா வல்லி. நான் சொல்றேன்னு தப்பா நெனக்காத. டேனியல் வரட்டும். அவன ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவரு வர பன்னண்டு ஆவும் அத்தே."

"ஒயரு போட்டா நாளைக்கு என்ன நடவுக்குக் கூப்புடமாட்டாங்க. என்ன வுடு, மத்த பதினோரு பொம்பளைங்களும் என்னதான் கேப்பாங்க." சொல்லிவிட்டு அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் வல்லியை அவள் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். மருமகளான பிறகு எப்படிக் கூப்பிடுவதென்று ஆறு மாதம் தடுமாறினாள். "அந்த ஒயரில்லாதது வந்துச்சே. டிரம்முலேர்ந்து எடுத்து வெச்சா திரும்ப வரப் போவுது. எதுக்கும்மா வம்பு?"

 வல்லி வாசற்படி மேசையின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"பாப்பாவ எடுத்துக்கினு போனப்பகூட ஜன்னல சாத்தியே வெச்சிருந்தாங்க அத்தே," என்றாள். "இப்ப என்னையும் மூடி வெக்கறாங்க. இப்பிடி ஒளிஞ்சிக்கினு நான் வேல செய்யணுமா?"

குரல் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அம்முலு முறத்தை எடுத்தாள். திரும்பவும் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்க் கம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா நடணும்? சொல்லு," என்றாள் கோபாலிடம்.

கடப்பாரைச் சத்தம் கேட்டு இரண்டு பேர் பாதையில் நின்று பார்த்தார்கள். பிறகு ஐந்து பேர் ஆனார்கள். "இன்னா அம்முலு, கேபிள் டி.வி.யா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாண்டா, உன் மாமியாருக்கு," என்றாள் அம்முலு. கோபால் கம்பத்தின் மேல் ஏறிக் கட்டினான். வைக்கோல் வண்டி போகிற உயரத்துக்கு மேல் நீல ஒயர் பாதையைத் தாண்டியது, கால்வாயைத் தாண்டியது. மிச்சம் வளையமாகச் சுற்றப்பட்டு முத்துவேலின் கொல்லைச் சுவரின் மேல் உட்கார்ந்தது.

இந்தப் பக்க முனையை வல்லியே கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினாள். மேசையை வாசற்படியிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில், ஜன்னலோரமாகப் போட்டார்கள்.

"நான் கெளம்பறேன்கா," என்றான் கோபால். ஊர்ப்பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனான்.

*

ஆறு மணிக்கு முத்துவேல் எருமைக்கு வைக்கோல் போட வந்தார்.

வல்லி தன் வீட்டு வாசலில் நின்றாள். ஒளிந்து பார்க்கவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் வைக்கோலைப் போட்டார். நிமிர்ந்தபோது சுவரின் மேலிருந்த வளையத்தைப் பார்த்தார். அதிலிருந்து கிளம்பிக் கம்பம் வரை போகும் ஒயரைப் பார்த்தார். கம்பத்திலிருந்து அடுத்த கம்பம். அடுத்த கம்பத்தின் கீழே வல்லி.

அவர் அவளைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. பார்வை அங்கே வந்தது. நின்றது. திரும்பியது.

வளையத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். எறியப் போகிறார் என்று அம்முலு உள்ளேயிருந்து முனகினாள். எறியவில்லை. முனையில் இருந்த கண்ணாடி போன்ற சின்னப் பிளக்கை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். ஒயர் அவர் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போனது.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரின் பின்னால், ஒயர் சொருகிய இடத்தில், கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

"வந்துச்சா?" என்றாள் அம்முலு. "வந்துச்சும்மா! வந்துச்சு பாரு!"

வல்லி திரையைப் பார்த்தாள். பக்கம் திறந்தது. சடாரென்று திறந்தது. நின்று நின்று வரவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு இது போதும். இது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கொல்லையில் அந்தக் குரல் கேட்டது.

பெரியப்பா கோதண்டத்துக்குக் காது மந்தம். அவரும் சத்தமாகத்தான் பேசுவார். அவரிடம் பேசுகிறவர்களும் சத்தமாகத்தான் பேச வேண்டும். தூங்கி எழுந்து கொல்லைக்கு வந்தவர் கண்ணில் ஒயர் பட்டுவிட்டது.

"இன்னாடா முத்துவேலு, புது ஒயரு? எங்கேர்ந்து வருது?"

முத்துவேல் ஏதோ சொன்னார்.

"ஆங்? இன்னா?"

"மோட்டாரு ஒயர்ண்ணே!" என்று கத்தினார் முத்துவேல். "கால்வா மோட்டாருக்கு!"

பாதையில் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டது. காலனி வாசல்களில் இருந்தவர்களுக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

அம்முலு வல்லியின் கையைப் பிடித்தாள். "சொல்லிட்டுப் போவட்டும். லைன் வந்துச்சு இல்ல. அது போதும்மா. உள்ள வா."

வல்லி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். செருப்புப் போட்டாள். நடந்தாள்.

பாதையைத் தாண்டினாள். கால்வாயின் குறுக்கே போட்டிருந்த பனந்துண்டின் மேல் நடந்து அந்தக் கரைக்குப் போனாள். ஒயர் அவள் தலைக்கு மேலேயே வந்தது. கொல்லைச் சுவர் அவள் நெஞ்சு உயரம். அதற்கு அந்தப் பக்கம் பெரியப்பா, கையில் பத்திரிகைப் பையோடு. கொஞ்சம் தள்ளி நைனா. எருமைக்குப் பக்கத்தில் அம்மா, கையில் காலி வாளி.

எவ்வளவு சத்தமாகப் பேசினால் பெரியப்பாவுக்குக் கேட்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த அளவுக்குப் பேசினாள்.

"மோட்டார் ஒயர் இல்ல பெரியப்பா. இன்டர்நெட் ஒயரு. நைனா வூட்லேர்ந்து எங்க வூட்டுக்கு வருது."

கோதண்டம் கண்ணைச் சுருக்கினார். இருட்டத் தொடங்கிவிட்டது.

"யாருடா அது பேசறது?" என்றார்.

முத்துவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முத்துவேலு, உன்னத்தான் கேக்கறேன். சுவத்துக்கு அந்தாண்ட நிக்கறது யாரு?"

அவர் வாயைத் திறந்தாரா என்று வல்லி பார்க்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. திரும்பினாள். பனந்துண்டில் கால் வைக்கும்போது முதுகுப் பக்கம் எல்லோரும் நிற்பது தெரிந்தது.  வாளி கீழே வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.    பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்முலு, வாசற்படியிலேயே நின்றுகொண்டு.

"இன்னும் ஒண்ணும் சொல்லல அத்தே."

"பிடுங்கிடுவாங்களா?"

"தெரில."

ஆறரை பஸ் கூட்ரோட்டில் ஹாரன் அடித்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய மாதிரி தெரியவில்லை. பேச்சுச் சத்தமும் வரவில்லை. காது மந்தமான ஒருவர் இருக்கிற வீட்டில் பேச்சு இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

ஜன்னல் சட்டத்தின் மேல், ஒயர் வெளியிலிருந்து உள்ளே நுழைகிற இடத்தில், ஏதோ அசைந்தது. பல்லி என்று நினைத்தாள். பல்லியில்லை. தொங்கவிட்டிருந்த நீல ஒயர் விறைத்தது. ஒரு சாண் வெளியே போனது. நின்றது. இன்னொரு சாண் போனது.

காற்று இல்லை. அந்த முனையில் யாரோ ஒயரைப் பிடித்திருந்தார்கள். இழுத்து அறுக்கப் பிடித்தார்களா, சரியாக ஆணியடித்துக் கட்டப் பிடித்தார்களா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

"வல்லி..." என்றாள் அம்முலு.

வல்லி கையை நீட்டி, இந்த முனை கழன்றுவிடாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.